காந்தமும் மூலக்கூறும் தொடும் இடம்: ஸ்பின்ட்ரானிக்ஸ் ஆய்வில் நுழைபவர்களுக்கு டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

ஆடி மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்து மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்திருந்தாள். இயற்பியலில் பி.எஸ்சி. கடைசி வருடம். "அண்ணா, நீங்க லேப்ல என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டாள். கூழ் இருந்த நீல பிளாஸ்டிக் வாளியைக் காட்டி, "இந்த நீலத்தைக் காந்தத்தின் மேல் ஓர் அடுக்கு பூசுகிறேன்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தாள். ஆனால் அது உண்மை. பிளாஸ்டிக்குக்கும் பெயின்ட்டுக்கும் நீலம் கொடுக்கும் நிறமி பெரும்பாலும் காப்பர் தாலோசயனின் என்ற மூலக்கூறுதான். நடுவில் ஒரு செம்பு அணு, அதைச் சுற்றி நைட்ரஜன்கள், வெளியே நாலு பக்கமும் நாலு பென்சீன் வளையங்கள். மூலக்கூறுகளைத் தனித்தனியாகக் காட்டும் ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியில் (STM) பார்த்தால் நாலு இதழ்க் கோலம் மாதிரியே தெரியும். இலையின் பச்சையத்திலும் நம் இரத்தத்தின் ஹீமோகுளோபினிலும் இருக்கும் வளையத்துக்கு இது நெருங்கிய சொந்தம். இதன் செம்பு அணுவில் ஜோடி சேராத எலக்ட்ரான் ஒன்று இருக்கிறது. அதனால் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டிக் காந்தம். எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு, அதைக் காந்தமாக்கும் ஸ்பின் என்ற பண்பையும் பயன்படுத்தும் துறைதான் ஸ்பின்ட்ரானிக்ஸ். என் வேலை அதில்தான்.

அடுத்த வாரம் அவள் லேபுக்கு வந்தாள். இப்போது ஹானர்ஸ் படிக்கிறாள். அவளுக்கு நான் சொன்னதையும், சொல்ல மறந்து பிறகு இருவரும் சிரமப்பட்டதையும் இங்கே எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தென்னாப்பிரிக்காவுக்குப் படிக்க வருபவர்களுக்கும் இது உதவும்.

தெரிந்துகொண்டு தொடங்க வேண்டியது

எலக்ட்ரானுக்கு மின்னூட்டம் இருப்பதுபோல ஸ்பின் என்ற பண்பும் உண்டு. பாடநூல் தற்சுழற்சி என்கிறது. லேபில் எல்லாரும் ஸ்பின் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அளந்து பார்த்தால் மேல் அல்லது கீழ், இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். இரண்டு காந்தப் படலங்களுக்கு நடுவே சில நானோமீட்டர் தடிமனில் காந்தமில்லாத உலோகத்தை வைத்து மின்சாரம் செலுத்துங்கள். இரண்டு காந்தமும் ஒரே திசை பார்த்தால் மின்தடை குறைவு, எதிரெதிராகப் பார்த்தால் அதிகம். 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்ட்டின் குழுவும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்க்கின் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டார்கள். 1997இல் இது ஹார்டு டிஸ்க்கின் படிக்கும் முனைக்குள் போய்விட்டது. 2007இல் இருவருக்கும் நோபல் பரிசு.

சரி, இதில் மூலக்கூறு எதற்கு? எலக்ட்ரானின் ஸ்பின் திசை தடுமாற முக்கியமான காரணம், அணுக்கருவைச் சுற்றும் அதன் ஓட்டத்தோடு ஸ்பின்னுக்கு இருக்கும் பிணைப்பு. அணு எண் கூடக் கூட அந்தப் பிணைப்பு வேகமாக வலுக்கும். கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன் எல்லாம் லேசான அணுக்கள். அதனால் கரிம மூலக்கூறுகளுக்குள் ஸ்பின் நீண்ட நேரம் திசை மாறாமல் இருக்கும். 2004இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில், ஒளிரும் திரைகளில் பயன்படும் ஒரு கரிம மூலக்கூறை இரண்டு காந்தங்களுக்கு நடுவே வைத்து, 11 கெல்வினில் 40 சதவீத மின்தடை மாற்றத்தைக் காட்டினார்கள். உடனே உலகம் முழுக்கப் பலரும் அதைச் செய்து பார்த்தார்கள். ஒருவருக்கு வந்த எண் அடுத்தவருக்கு வரவில்லை. சிலருக்கு மாற்றத்தின் குறியே (ப்ளஸ், மைனஸ்) தலைகீழாக வந்தது.

ஏன் என்று தேடிப் போனபோதுதான் இந்தத் துறையின் உயிர்நாடி தெரிந்தது. உலோகத்தைத் தொடும் முதல் மூலக்கூறு அடுக்கு, பழைய மூலக்கூறாக இருப்பதில்லை. கோபால்ட்டின் எலக்ட்ரான்களும் மூலக்கூறின் எலக்ட்ரான்களும் கலந்து புதிதாக ஒன்று உருவாகிறது. எந்த ஸ்பின் உள்ளே போகும் என்பதை அந்த ஓர் அடுக்கே பெருமளவு முடிவு செய்கிறது. 2010இல் இயற்பியலாளர் ஸ்டெஃபானோ சான்விட்டோ இதற்கு ஸ்பின்டர்ஃபேஸ் (ஸ்பின் + இன்டர்ஃபேஸ், அதாவது இடைப்பரப்பு) என்று பெயர் வைத்தார். 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜகதீஷ் மூடேராவின் குழு இதை இன்னும் துணிச்சலாகக் காட்டியது. தனியாக இருக்கும்போது காந்தமே இல்லாத, துத்தநாகம் உள்ள ஒரு தட்டையான மூலக்கூறைக் கோபால்ட் மேல் அடுக்கினார்கள். ஒரே ஒரு காந்த மின்முனையை வைத்துக்கொண்டு, அறை வெப்பநிலைக்கு அருகிலேயே 20 சதவீதத்துக்கு மேல் மின்தடை மாற்றம் கிடைத்தது. இரண்டாவது காந்தத்தின் வேலையை அந்த இடைப்பரப்பே செய்தது.

ஆகவே புதிதாக வருபவருக்கு என் முதல் அறிவுரை: பத்து மூலக்கூறுகளைத் தேடி ஓடாதீர்கள். ஒரு காந்த உலோகம், ஒரு மூலக்கூறு. அவை இரண்டும் சந்திக்கும் இடத்தைச் சுத்தமாகச் செய்ய முதல் வருடம் முழுக்கச் செலவானாலும் பரவாயில்லை. கோபால்ட்டும் காப்பர் தாலோசயனினும் நல்ல ஜோடி. மலிவு, நிறையப் பேர் அளந்திருக்கிறார்கள், எனவே உங்கள் எண் சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் உண்டு.

படி 1: கணினியில் தொடங்குங்கள்

லேபில் இடம் கிடைக்கும் முன்பே இதைச் செய்யலாம். ஒரு பொருளுக்குள் எலக்ட்ரான்கள் எப்படி இருக்கும் என்று கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருள் இலவசம். முதலில் இரும்பு, கோபால்ட், நிக்கல் மூன்றையும் கணக்கிடுங்கள். ஓர் அணுவுக்கு இரும்பு சுமார் 2.2, கோபால்ட் 1.7, நிக்கல் 0.6 போர் மேக்னெட்டான் (அணுவின் காந்தத்தை அளக்கும் அலகு) கொடுக்க வேண்டும். அது வராமல் மூலக்கூறுக்குப் போகாதீர்கள். பிறகு மூலக்கூறை உலோகத்தின் மேல் வைக்கும்போது, வான் டெர் வால்ஸ் விசைக்கான திருத்தத்தைக் கட்டாயம் சேருங்கள். சேர்க்காவிட்டால் மூலக்கூறு உண்மையில் இருப்பதைவிடத் தள்ளி மிதக்கும், அதன் பிறகு வரும் எந்த எண்ணும் உதவாது.

பெரிய கணக்குகளுக்கு மடிக்கணினி போதாது. கேப் டவுனில் இருக்கும் உயர்திறன் கணினி மையத்தின் லெங்காவ் கணினியைத் தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பயன்படுத்தலாம். உங்கள் வழிகாட்டி வழியாக விண்ணப்பியுங்கள். இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: எலக்ட்ரான் கட்டமைப்புக் கணக்கீடுகளுக்காகவே ஆசெஸ்மா என்று ஓர் ஆப்பிரிக்கப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. 2010இல் கேப் டவுனில் தொடங்கி, பல ஆப்பிரிக்க நாடுகளில் நடந்திருக்கிறது. அதை உருவாக்கியவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்க இயற்பியலாளர் நித்தயா செட்டி. இரண்டு வாரம் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பார்கள். ஆறு மாதம் தனியாகத் திணறுவதைவிட அது மேல்.

படி 2: ஒரு டேப்பும் பென்சில் கரியும்

மீமெல்லிய பொருட்களில் கை பழக விலையுயர்ந்த இயந்திரம் வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய. 2004இல் இயற்பியலாளர்கள் கைமும் நோவோசெலோவும் கிராஃபீனை (ஓரணு தடிமனுள்ள கார்பன் படலத்தை) கிராஃபைட்டிலிருந்து பிரித்தது ஒட்டும் டேப்பை வைத்துத்தான். 2010இல் நோபல் கிடைத்தது. நல்ல கிராஃபைட் துண்டு, டேப், 300 நானோமீட்டர் ஆக்ஸைடு உள்ள சிலிக்கான் துண்டு, சாதாரண ஒளி நுண்ணோக்கி. இவ்வளவு போதும். டேப்பை ஒட்டி, பிரித்து, மறுபடி மடித்து ஒட்டி, ஏழெட்டு முறைக்குப் பிறகு சிலிக்கான் மேல் அழுத்துங்கள். ஆக்ஸைடின் அந்தத் தடிமன் முக்கியம். அந்த ஒளிக்குறுக்கீட்டால்தான் ஓரணுப் படலம் கண்ணுக்கு மெல்லிய நிழலாகத் தெரிகிறது.

டர்பனின் காற்று ஈரமானது, கோடையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அதே ஈரம் சிலிக்கான் மேலும் ஒரு நீர்ப்படலமாக உட்காரும். ஒட்டும் முன் சிலிக்கானை 100 டிகிரியில் சில நிமிடம் சூடாக்குங்கள். நான் ஜனவரி மாதம் இரண்டு வாரம் வெறும் பசைக்கறையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். சூடாக்கிய அன்று மாலையே நல்ல துண்டு கிடைத்தது.

2017இல் கண்டறியப்பட்ட குரோமியம் அயோடைடு போன்ற ஓரடுக்குக் காந்தங்களை இப்படி வெளியில் வைத்துப் பிரிக்க முடியாது. காற்று பட்டால் கெட்டுவிடும். அதற்குக் காற்றுப் புகாத கையுறைப் பெட்டி வேண்டும், அது பிறகு.

படி 3: வெற்றிடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கேதான் நேரம் எடுத்து நிற்க வேண்டும். கோபால்ட்டையும் மூலக்கூறையும், காற்றை உறிஞ்சி எடுத்த ஓர் எஃகு அறைக்குள் ஆவியாக்கித்தான் படிய வைப்போம். ஓர் எளிய கணக்கு. பத்து லட்சத்தில் ஒரு பங்கு மில்லிபார் அழுத்தத்தில், அறைக்குள் மிச்சமிருக்கும் வாயு ஓரிரு வினாடிகளில் உங்கள் உலோகப் பரப்பு முழுவதையும் ஓர் அடுக்கு மூடிவிடும் அளவுக்கு வந்து மோதுகிறது. மூலக்கூறை வினாடிக்கு 0.01 நானோமீட்டர் வேகத்தில் ஆவியாக்கினால், முதல் அடுக்கு விழ அரை நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் கோபால்ட் மேல் நீராவியும் ஆக்சிஜனும் உட்கார்ந்துவிடும். நீங்கள் அளக்கப்போவது கோபால்ட்டும் மூலக்கூறும் தொடும் இடத்தை அல்ல, துருவும் மூலக்கூறும் தொடும் இடத்தை. ஆயிரம் கோடியில் ஒரு பங்கு மில்லிபாருக்குப் போனால் அதே மூடலுக்கு மூன்று மணி நேரம் ஆகும். அப்போது நிதானமாக வேலை செய்யலாம்.

அந்த நிலைக்கு வர, எஃகு அறையை 120 முதல் 150 டிகிரியில் ஒன்றிரண்டு நாள் சுட வேண்டும், சுவரில் ஒட்டிய நீர் போக. கையுறை இல்லாமல் உள்ளே போகும் எதையும் தொடாதீர்கள். ஒரு விரல் ரேகை வாரக்கணக்கில் வாயு விட்டுக்கொண்டிருக்கும்.

மூலக்கூறுப் பொடியும் அப்படியே. கடையில் வாங்கிய பொடியை நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். வெற்றிடத்தில் பதங்கமாக்கி இரண்டு மூன்று முறை சுத்தம் செய்த பிறகே உலைக்குள் வையுங்கள். காப்பர் தாலோசயனின் 350 டிகிரிக்கு அருகே ஆவியாகத் தொடங்கும். அதற்குச் சற்றுக் கீழே இரவு முழுக்க வைத்து வாயு நீக்குங்கள். அழுத்தமானி இறங்கி நிலைக்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள்.

அப்புறம் மின்சாரம். இந்த நாட்டில் லோட்ஷெடிங் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு லேபில் சேரும் முன் நான் கேட்கச் சொல்லும் முதல் கேள்வி, "கரண்ட் போனால் பம்புக்கு என்ன ஆகும்?" என்பதுதான். தானாக மூடும் வால்வும், குறைந்தது சில மணி நேரம் தாங்கும் பேட்டரியும் இருக்க வேண்டும். நுண்ணோக்கி எவ்வளவு பெரியது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இரவு 5 நானோமீட்டர் கோபால்ட் படலத்தை அறைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் வந்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அழுத்தமும் சரியாக இருந்தது. பதிவேட்டைப் பார்க்காமல் மூலக்கூறைப் படிய வைத்தேன். காந்தப்புலத்தில் குளிர்வித்து அளந்தபோது காந்தத் தயக்க வளையம் (புலத்தை ஏற்றி இறக்கும்போது படலத்தின் காந்தம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வரைபடம்) ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. மூலக்கூறுதான் கோபால்ட்டைப் பிடித்து நகர்த்துகிறது என்று நம்பினேன். அப்படி நடக்கும் அமைப்புகளும் உண்டு என்பதால் நம்புவது எளிதாக இருந்தது. இரண்டு வாரம் படம் வரைந்தேன். பிறகு வழிகாட்டி கேட்டார்: "மூலக்கூறு இல்லாத பாதி எங்கே?" அதே துண்டில் மறைப்பின் கீழ் இருந்த வெறும் கோபால்ட்டை அளந்தேன். அதே அளவு நகர்வு. இரவில் உருவான கோபால்ட் ஆக்ஸைடின் வேலை அது. 1956இல் மைக்ல்ஜானும் பீனும் கோபால்ட் துகள்களில் கண்ட அதே விளைவு.

அதனால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு பகுதியை மூலக்கூறு இல்லாமல் விடுங்கள். தனித் துண்டு போதாது. ஒரே துண்டு, ஒரே நாள், ஒரே வெற்றிடம்.

படி 4: தடிமனை நம்பும் முன்

படலம் படியும்போது தடிமனைக் காட்டுவது குவார்ட்ஸ் படிகம். 6 மெகாஹெர்ட்ஸில் அதிரும், மேலே எடை ஏறினால் அதிர்வெண் குறையும். ஆனால் உலையின் மூடியைத் திறந்ததும் வெப்பம் பட்டு அதன் எண் துள்ளும். அந்த முதல் சில வினாடிகளைக் கணக்கில் எடுக்காதீர்கள். படிகம் இருக்கும் இடமும் உங்கள் துண்டு இருக்கும் இடமும் வேறு என்பதால் ஒரு திருத்தக் காரணியும் வேண்டும். தடிமனான படலம் ஒன்றைச் செய்து, அணுவிசை நுண்ணோக்கியிலோ எக்ஸ் கதிர் எதிரொளிப்பிலோ அளந்து அதைக் கண்டுபிடியுங்கள். மாதம் ஒரு முறை திரும்பச் செய்யுங்கள்.

சிலிக்கானைக் கழுவுவது பற்றி ஒரே வார்த்தை: அசிட்டோனில் பத்து நிமிடம், காயவிடாமல் நேராக ஐசோபுரோப்பனால். நடுவில் காய்ந்தால் கறை நிற்கும்.

படி 5: அளக்கும்போது ஏமாறும் இடங்கள்

இடுக்கியிலிருந்து தொடங்குகிறேன். 5 நானோமீட்டர் தடிமனும் 5 மில்லிமீட்டர் சதுரமும் உள்ள கோபால்ட் படலத்தின் மொத்தக் காந்தத்துக்குச் சமமான காந்தம் எவ்வளவு இரும்பில் இருக்கும் என்று கணக்குப் போட்டால், பக்கத்துக்கு 50 மைக்ரோமீட்டர்கூட இல்லாத ஒரு துணுக்கு வருகிறது. தலைமுடியைவிடச் சின்னது. எஃகு இடுக்கியால் சிலிக்கானின் ஓரத்தைக் கிள்ளினால் அதில் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளலாம். ஸ்க்விட் காந்தமானி அதையும் சேர்த்தே அளக்கும். பிளாஸ்டிக் அல்லது டைட்டேனியம் இடுக்கி வாங்குங்கள், எஃகு இடுக்கியை வேறு மேசையில் வையுங்கள். அந்தப் பெண் தன் இடுக்கியில் மஞ்சள் நூல் கட்டி வைத்திருக்கிறாள், யாரும் மாற்றி எடுத்துவிடக் கூடாது என்று.

அடுத்தது மேல் மின்முனை. மூலக்கூறு அடுக்கு மென்மையானது. சூடான உலோக அணுக்கள் மேலிருந்து விழும்போது உள்ளே புகுந்து அடி மின்முனையைத் தொட்டுவிடும். துண்டைக் குளிர வைத்து மெதுவாகப் படிய வையுங்கள், அல்லது நடுவில் மெல்லிய காப்புப் படலம் ஒன்று கொடுங்கள். சாதனம் தயாரானதும் முதலில் குளிர்வித்து மின்தடையைப் பாருங்கள். குளிரக் குளிர மின்தடை உலோகம்போலக் குறைந்தால் உள்ளே குறுக்குப் பாதை விழுந்திருக்கிறது. அந்தச் சாதனத்தைப் பதிவு செய்துவிட்டு ஒதுக்குங்கள். இருபதில் எத்தனை பிழைத்தன என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள். அதை மறைப்பது இந்தத் துறைக்குப் பெரும் கெடுதல் செய்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

எங்கே எந்தக் கருவி

எல்லாம் ஒரே ஊரில் கிடைக்காது. கெபெர்காவில், பழைய போர்ட் எலிசபெத்தில், நெல்சன் மண்டேலா பல்கலைக்கழகத்தின் மின்னணு நுண்ணோக்கி மையம் 2011இல் திறக்கப்பட்டது. இடைப்பரப்பை அணு அணுவாகப் பார்க்க அங்கே போக வேண்டும். அயனிக் கற்றையால் படலத்தின் தடிமனையும் கலவையையும் அறிய, துகள் முடுக்கிகள் உள்ள ஐதெம்பா ஆய்வகம். எந்தத் தனிமம் எவ்வளவு காந்தம் கொண்டிருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் எக்ஸ் கதிர் அளவீட்டுக்கு, பிரான்சின் கிரெனோபிள் நகரத்து சின்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வேகமாக வளையத்தில் ஓட்டி எக்ஸ் கதிர் எடுக்கும் இயந்திரம்). தென்னாப்பிரிக்கா 2013இல் அதில் அறிவியல் கூட்டாளியாகச் சேர்ந்தது. கற்றை நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம், போட்டி கடுமை.

தலைப்பு தேடுபவர்களுக்கு ஒரு விஷயம். உலகில் வெட்டியெடுக்கும் பிளாட்டினத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த நாட்டு மண்ணிலிருந்து போகிறது. இரிடியத்தில் பெரும்பகுதியும் இங்கிருந்துதான். பிளாட்டினத்தில் மின்சாரம் ஓடும்போது மேல் ஸ்பின் ஒரு பக்கமும் கீழ் ஸ்பின் மறுபக்கமும் ஒதுங்கும், காந்தமே தேவையில்லை. இரிடியமும் மாங்கனீசும் சேர்ந்த கலவை ஹார்டு டிஸ்க் முனையில் காந்தத்தை நிலைநிறுத்துகிறது. கலஹாரியில் குவிந்து கிடக்கும் மாங்கனீசின் 12 அயனிகள் சேர்ந்த மூலக்கூறுதான், தனி மூலக்கூறும் காந்தத் திசையை நினைவில் வைக்கும் என்று 1993இல் முதலில் காட்டியது, திரவ ஹீலியக் குளிரில். 2018இல் டிஸ்புரோசியம் மூலக்கூறு ஒன்று அதை 80 கெல்வினுக்கு உயர்த்தியது. திரவ நைட்ரஜன் 77 கெல்வினில் கொதிக்கிறது. பிளாட்டினத்தின் மேல் மூலக்கூறு ஓர் அடுக்கு போட்டால் அந்த ஸ்பின் ஒதுக்கம் எப்படி மாறும் என்பது இங்கே உட்கார்ந்து கேட்க நல்ல கேள்வி.

சேர்வது எப்படி

இங்கே பி.எஸ்சி. மூன்று வருடம், பிறகு ஹானர்ஸ் ஒரு வருடம், எம்.எஸ்சி. இரண்டு, அப்புறம் பிஎச்.டி. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதன் மதிப்பீட்டுக்கும் விசாவுக்கும் மாதக்கணக்கில் ஆகும், முன்பே தொடங்குங்கள். தேசிய ஆய்வு அறக்கட்டளையின் உதவித்தொகைக்குப் பல்கலைக்கழகம் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், பல்கலைக்கழகம் வைக்கும் கடைசி நாள் அறக்கட்டளையின் நாளுக்கு முன்பே வந்துவிடும்.

சாட்ஸ்வொர்த் பெண்ணின் தாத்தா படித்த காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரி டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில் இருந்தது. 1961இல் தொடங்கியது. படகில் போய்ப் படித்தார்களாம். அந்தக் கல்லூரியின் வழிவந்ததுதான் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் இன்றைய வெஸ்ட்வில் வளாகம். அவர் வீட்டுக்கு நான் போனபோது பேத்தி செய்யும் வேலையைப் பற்றி மணிக்கணக்கில் கேட்டார்.

பேராசிரியருக்கு எழுதும்போது நீண்ட கடிதம் வேண்டாம். ஒரு பக்கம் போதும்: அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து உங்களுக்குப் புரியாமல் போன ஓர் இடம், நீங்கள் செய்து பார்த்த ஒரு கணக்கு அல்லது டேப்பில் பிரித்த ஒரு படலத்தின் படம், லேபை நேரில் பார்க்க வரலாமா என்ற கேள்வி. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். போகும் நாளில் மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள், மோதிரத்தைக் கழற்றி வையுங்கள், பம்பு அறையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.